சூசன்லி புள்ளி வயிற்றுக்கு உதவுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்கள் தாயாருக்கு வயது அறுபத்திரண்டு. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. சில மாதங்களாகக் கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிட்டது போல் இருக்கிறது, உப்புசமும் ஏப்பமும் தொல்லை தருகின்றன. முழங்காலுக்குக் கீழே உள்ள சூசன்லி என்னும் அக்குபஞ்சர் புள்ளியை நாள்தோறும் அழுத்தினால் ஜீரணம் சீராகும், நோய் எதிர்ப்பாற்றல் கூடும், ஆயுளும் நீளும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அந்தப் புள்ளி சரியாக எங்கே இருக்கிறது, சொல்லப்படுவதில் எவ்வளவு உண்மை, அம்மாவுக்கு அதைச் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சீன மருத்துவத்தில் இந்தப் புள்ளிக்கும் வயிற்றுக்கும் சொல்லப்படும் தொடர்பு இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடையது. அந்தத் தொடர்புக்கு நரம்பு வழியிலான ஓர் அடிப்படை இருக்கிறது என்பதை விலங்குகளில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சாப்பிட்டபின் வரும் உப்புசத்துக்கு ஊசி மருத்துவம் ஓரளவு உதவும் என்பதற்கு மனிதர்களிடமும் சான்று உண்டு. விரலால் அழுத்துவதற்கு உள்ள சான்று அதைவிட மெலிந்தது. ஆயுள் நீளும் என்பதற்குச் சான்று ஏதும் கிடையாது. உங்கள் தாயார் அழுத்திக்கொள்ளலாம், ஆனால் அதற்கு முன் அவருடைய உப்புசத்துக்குக் காரணம் என்ன என்று மருத்துவரிடம் பார்த்தாக வேண்டும். இனி விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் இடம். இணையத்தில் உலவும் படங்களில் இந்தப் புள்ளி பெரும்பாலும் மிகக் கீழேயோ, மிக வெளிப்பக்கமாகவோ குறிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே உங்கள் தாயாரின் காலிலேயே தேடிக் கண்டுபிடிப்பதுதான் நல்லது. அவரை நாற்காலியில் உட்காரவைத்து, முழங்கால் செங்கோணமாக மடங்கும்படி பாதத்தைத் தரையில் பதிக்கச் சொல்லுங்கள். முழங்கால் சிப்பிக்குக் கீழே, நடுவில் கயிறு போல விறைப்பாக ஒரு தசைநார் இறங்கும். அதன் இரு பக்கமும் இரண்டு சிறிய குழிகள் தெரியும். வெளிப்பக்கக் குழிதான் துபி எனப்படும் புள்ளி; சீன மருத்துவம் நாளம் என்று சொல்லும் ஆற்றல் பாதைகளில், இரைப்பைக்கு உரிய நாளத்தின் 35-ஆம் புள்ளி அது. அந்தக் குழியிலிருந்து கீழ்நோக்கி, அவருடைய கையின் ஆள்காட்டி விரல் முதல் சுண்டு விரல் வரை நான்கு விரல்களைச் சேர்த்துவைத்த அகலத்தை அளந்துகொள்ளுங்கள். அந்த உயரத்தில், முன்காலின் கூரிய எலும்பு விளிம்பிலிருந்து ஒரு விரல் அகலம் வெளிப்பக்கம் தள்ளினால் விரல் தசைமேல் வந்து நிற்கும். அதுவே சூசன்லி. குதிகாலைத் தரையில் ஊன்றியபடி பாதத்தின் முன்பகுதியை மட்டும் தூக்கச் சொன்னால், உங்கள் விரலுக்கு அடியில் ஒரு தசை புடைத்தெழும். அப்படிப் புடைத்தால் இடம் சரி. இன்னொரு வழியும் உண்டு: எலும்பு விளிம்பின் மேல் விரலை வைத்துக் கணுக்காலிலிருந்து மேலே நகர்த்திக்கொண்டே வந்தால், முழங்காலுக்குச் சற்றுக் கீழே ஒரு மேடு விரலைத் தடுக்கும், அந்த மேட்டின் அடிப்பகுதிக்கு நேராக, ஒரு விரல் வெளியே பார்த்தாலும் ஏறத்தாழ அதே இடம்தான் கிடைக்கும்.

உங்கள் கையால் அளக்காமல் அவருடைய கையாலேயே அளக்க வேண்டும் என்பதற்குக் காரணம், சீன மருத்துவத்தின் சுன் என்னும் அளவு நிலையான நீளம் கொண்டதன்று. ஒவ்வொருவரின் உடலையும் அந்த உடலாலேயே அளக்கும் முறை அது. முழங்கால் குழியிலிருந்து கணுக்கால் வரையிலான நீளம் 16 சுன் என்று கொள்ளப்படுகிறது. அதில் மூன்று சுன், அதாவது மேலே சொன்ன நான்கு விரல் அகலம், கீழே இறங்கினால் இந்தப் புள்ளி. சீனா, ஜப்பான், கொரியா ஆகிய மூன்று நாடுகளிலும் ஒரே பெயருடைய புள்ளி வெவ்வேறு இடங்களில் குறிக்கப்பட்டுவந்ததால், உலக சுகாதார நிறுவனம் வல்லுநர்களைக் கூட்டி 361 புள்ளிகளின் இடங்களையும் ஆராய்ந்து 2008-இல் பொதுத்தரம் ஒன்றை வெளியிட்டது. கருத்து வேறுபாடு இருந்த 92 புள்ளிகளில் ஆறு மட்டுமே முடிவு எட்டப்படாமல் நின்றன. சூசன்லியின் இடம் அந்த ஆறில் சேரவில்லை. இத்தனை தெளிவாக வரையறுக்கப்பட்ட ஒன்றைக் கண்ணுக்குத் தோன்றிய இடத்தில் அழுத்திவிட்டுப் பலன் இல்லை என்று கைவிடுவது முறையாகாது.

அந்தத் தோலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பின்னால் சொல்லப்போகும் ஆய்வு முழுவதும் அதைச் சார்ந்தே நிற்கிறது. தோலுக்கும் கொழுப்புக்கும் கீழே, பாதத்தை மேலே தூக்கும் முன்கால் தசை இருக்கிறது. அதற்கும் கீழே, கீழ்க்காலின் இரண்டு எலும்புகளையும் இணைக்கும் சவ்வின் முன்பக்கமாக ஒரு தமனியும் சிரைகளும் ஆழ் பெரோனியல் நரம்பும் ஒன்றாக இறங்குகின்றன. பாடநூல்கள் ஊசியை ஒன்று முதல் இரண்டு சுன் ஆழம் வரை செங்குத்தாகச் செலுத்தலாம் என்கின்றன. அந்த ஆழத்தில் ஊசி இந்த நரம்பை நெருங்குகிறது. ஊசி சரியாக அமைந்தால் பாதத்தின் மேற்புறம் வரை ஓடும் ஒரு கனமான, மந்தமான வலியை நோயாளி உணர்வார். சீன மருத்துவர்கள் இதைத் தே சி என்பார்கள். சி என்னும் உயிராற்றல் வந்து சேர்ந்ததன் அடையாளம் என்று மரபு அதைக் கொள்கிறது. நரம்பின் பாதையை அறிந்தவருக்கு அந்த உணர்வு ஏன் பாதம் வரை இறங்குகிறது என்பதும் விளங்கிவிடும்.

காலில் உள்ள ஓர் இடம் வயிற்றுக்கு மருந்தாகும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? சீன மருத்துவத்தில் இரைப்பையின் நாளம் கண்ணுக்குக் கீழே தொடங்கி, முகம், மார்பு, வயிறு, தொடையின் முன்புறம், கீழ்க்கால் என்று இறங்கிப் பாதத்தின் இரண்டாம் விரலில் முடிகிறது. அதில் 45 புள்ளிகள், சூசன்லி 36-ஆவது. அதனால்தான் நம் ஊர் அக்குபஞ்சர் வகுப்புகளில் இதை எஸ்.டி. 36 என்று எண்ணால் சொல்கிறார்கள். ஒவ்வொரு நாளத்திலும் முழங்கைக்கும் முழங்காலுக்கும் கீழே ஐந்து சிறப்புப் புள்ளிகள் உண்டு. விரல் நுனியில் கிணறாகத் தொடங்கும் ஆற்றல் ஊற்று, ஓடை, ஆறு என்று பெருகி, முழங்கால் அருகே கடலாக உட்புகுந்து உறுப்பைச் சேர்கிறது என்பது அந்த ஐந்துக்கும் மரபு தரும் விளக்கம். சூசன்லி இரைப்பையின் கடற்புள்ளி. ஐம்பூதக் கணக்கில் இரைப்பையும் மண், இந்தப் புள்ளியும் மண். எனவே செரிமானத்தை வலுப்படுத்த இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்று அவர்கள் கருதினார்கள்.

இந்தக் கோட்பாடு ஒரே நாளில் உருவானதன்று. 1973-இல் மத்திய சீனாவின் மாவாங்துய் கல்லறையிலிருந்து பட்டுத்துணி ஏடுகள் எடுக்கப்பட்டன. அந்தக் கல்லறை கி.மு. 168-இல் மூடப்பட்டது. அந்த ஏடுகளில் உடலில் ஓடும் பதினொரு நாளங்கள் விவரிக்கப்படுகின்றன, அவற்றின்மேல் மூலிகைச் சூடு வைப்பது பற்றிய செய்தியும் உண்டு. ஆனால் தனித்தனிப் புள்ளிகள் இல்லை, ஊசியும் இல்லை. அதன்பின் தொகுக்கப்பட்ட மஞ்சள் பேரரசரின் மருத்துவ நூலில்தான் புள்ளிகள் பெயரோடும் அளவோடும் வருகின்றன. அந்நூலின் லிங்ஷு என்னும் பகுதி இரைப்பை நோயின் குறிகளாக வயிறு உப்புதல், நெஞ்சுக்குழியில் வலி, விலாக்களை நோக்கி ஏறும் இறுக்கம், தொண்டை அடைப்பு, உணவு கீழே இறங்காமை ஆகியவற்றை வரிசையாகச் சொல்லி, அதற்கு மூன்று லிப் புள்ளியை, அதாவது சூசன்லியை, கொள்க என்கிறது. அதைக் கண்டறியும்போது பாதம் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்றுகூடக் கூறுகிறது. உங்கள் தாயாரின் தொல்லையையும் அந்தப் பழைய பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்த்தால், உங்களுக்கு யோசனை சொன்னவர் மரபுக்குப் புறம்பாக எதையும் சொல்லிவிடவில்லை என்பது புரியும்.

கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் ஹுவாங்ஃபூ மி அக்குபஞ்சர் புள்ளிகளை ஒழுங்குபடுத்தித் தொகுத்தார். சோங் அரசமரபின் காலத்தில், 1020-களில், வாங் வெய்யி என்னும் அரண்மனை மருத்துவர் புள்ளிகள் குறிக்கப்பட்ட இரண்டு வெண்கல மனித உருவங்களை வார்ப்பித்தார். மாணவர்கள் அவற்றில் புள்ளிகளைக் கண்டறிந்து பயின்றார்கள். மிங் காலத்தில் எழுந்த நினைவுப் பாடல் ஒன்று உடலின் நான்கு பகுதிகளுக்கு நான்கு புள்ளிகளைத் தலைமையாக நிறுத்துகிறது: இடுப்புக்கும் முதுகுக்கும் முழங்காலின் பின்குழியில் உள்ள வெய்சோங், தலைக்கும் கழுத்துக்கும் மணிக்கட்டருகே உள்ள லியேச்சுவே, முகத்துக்கும் வாய்க்கும் கையில் உள்ள ஹெகு, வயிற்றுக்குச் சூசன்லி. சீன மருத்துவ மாணவர்கள் இன்றும் அதை மனப்பாடம் செய்கிறார்கள்.

ஆயுள் நீளும் என்ற பேச்சு ஊசியிலிருந்து வந்ததன்று, சூட்டிலிருந்து வந்தது. நம் ஊர் மாசிபத்திரியின் இனத்தைச் சேர்ந்த செடியின் காய்ந்த இலையைப் பஞ்சாக்கி, புள்ளியின் மேலோ அதற்குச் சற்று உயரத்திலோ எரிக்கும் முறைக்கு மோக்ஸா என்று பெயர். உடல் நலமாக இருக்க வேண்டுமானால் மூன்று லிப் புள்ளி காயவே கூடாது என்று சோங் காலத்து மருத்துவ வழக்கு ஒன்று உண்டு. தோலில் நேரடியாகச் சுட்டு, அந்தப் புண் ஆறாமல் கசிந்துகொண்டே இருக்கட்டும் என்பதே அதன் பொருள். இன்று எவரும் அதைப் பின்பற்ற வேண்டியதில்லை. இந்தப் பழக்கம் ஜப்பானில் ஆழமாக வேரூன்றியது. நாற்பது வயதைக் கடந்தவர் மூன்று லியில் சூடு வைத்துக்கொள்ளாவிட்டால் தலைக்கு ரத்தம் ஏறும் என்று 14-ஆம் நூற்றாண்டின் துறவி யோஷிதா கென்கோ எழுதினார். 1689-இல் வடக்கு நோக்கிய நெடும் நடைப்பயணத்துக்கு ஆயத்தமானபோது, கிழிந்த காற்சட்டையைத் தைத்து, தொப்பியின் நாடாவை மாற்றி, கால்களின் மூன்று லியில் மோக்ஸா வைத்துக்கொண்டதை ஹைக்கூ கவிஞர் பாஷோ குறித்திருக்கிறார். லி என்பது சீனத்தில் தொலைவைக் குறிக்கும் அளவு, இன்றைய கணக்கில் ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர். களைத்த கால் இன்னும் மூன்று லி நடக்கும் என்ற விளக்கம் இத்தகைய வழக்கங்களோடு சேர்ந்து பரவியது. இவையெல்லாம் ஒரு பண்பாட்டின் நம்பிக்கைக்குச் சான்றுகள். நீண்ட ஆயுளுக்கு அவற்றைச் சான்றாகக் காட்ட முடியாது.

மேற்குலகம் இந்தப் புள்ளியின் பக்கம் திரும்பிய நிகழ்வும் வயிற்றோடு தொடர்புடையதுதான். 1971 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்குப் பெய்ஜிங்கில் திடீரெனக் குடல்வால் அழற்சி ஏற்பட்டு அறுவை நடந்தது. அறுவைக்குப் பின் வயிறு உப்பி வேதனை ஏற்பட்டபோது, மருத்துவமனையின் அக்குபஞ்சர் மருத்துவர் அவருடைய வலது முழங்கையின் வெளிப்பக்கத்திலும் இரு முழங்கால்களுக்குக் கீழும் ஊசி செலுத்தி, வயிற்றருகே மூலிகைச் சூடும் காட்டினார். ஒரு மணி நேரத்துக்குள் இறுக்கம் தணிந்துவிட்டது என்று ரெஸ்டன் எழுதினார். அமெரிக்காவில் அக்குபஞ்சர் மீது பெரும் ஆர்வம் எழ அந்தக் கட்டுரை காரணமாயிற்று. ஊசியால் உணர்விழக்கச் செய்து அவருக்கு அறுவை நடந்தது என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள், அது தவறு. அறுவைக்கு வழக்கமான மரத்துப்போகும் மருந்துகளே ஊசிமூலம் தரப்பட்டன. மேலும், அறுவைக்குப் பின் வரும் வாயு உப்புசம் பெரும்பாலும் தானாகவே தணியும் என்பதால், ஒருவரின் அனுபவத்திலிருந்து முடிவு எதையும் எட்ட முடியாது.

சோதனைக்கூடத்தில் கிடைத்ததே முடிவுக்குச் சற்று நெருக்கமானது. ஜப்பானிய உடலியலாளர் அக்கியோ சாட்டோவும் அவருடன் பணியாற்றியவர்களும் மயக்கநிலையில் இருந்த எலிகளின் இரைப்பை அசைவை அளந்தார்கள். வயிற்றுத் தோலில் ஊசியால் தூண்டினால் இரைப்பையின் அசைவு அடங்கியது. பின்காலின் பாதத்தில் தூண்டினால் அசைவு கூடியது. முதலாவது பரிவு நரம்புகள் வழியாக நடந்தது. இரண்டாவது, மூளையிலிருந்து வயிறு வரை இறங்கும் வேகஸ் நரம்பு வழியாக நடந்தது. கை, கால்களில் தோன்றும் உணர்வு தண்டுவடம் வழியாக மூளைத்தண்டை அடைந்து, அங்கிருந்து வேகஸ் நரம்பு மூலம் இரைப்பைக்குத் திரும்புகிறது. தொலைவில் உள்ள புள்ளி உறுப்பை எவ்வாறு தொடுகிறது என்ற கேள்விக்கு இது ஒரு நேர்மையான விடை. நாளம் என்ற கருத்தை ஏற்காதவரும் இந்த நரம்பு வளையத்தை மறுக்க முடியாது.

நோய் எதிர்ப்பு பற்றிய கூற்றுக்கு அடிப்படை இன்னும் அண்மைக்காலத்தது. 2014-இல் லூயிஸ் உல்லோவாவின் குழு, பாக்டீரியா நஞ்சால் கடும் அழற்சிக்கு உள்ளான சுண்டெலிகளின் சூசன்லிப் புள்ளியில் மின்னூசி (குத்திய ஊசி வழியே செலுத்தும் மின்னோட்டம்) கொடுத்தபோது அழற்சி தணிந்ததையும், அதற்கு வேகஸ் நரம்பும் சிறுநீரகத்தின் மேலமர்ந்த அட்ரினல் சுரப்பி வெளியிடும் டோபமீனும் காரணம் என்பதையும் காட்டியது. 2021-இல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த சியூஃபூ மாவின் குழு நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஆழமாகச் சென்றது. சுண்டெலியின் பின்காலில், தசைகளை மூடியுள்ள ஆழமான உறைகளில் வந்து முடியும் ஒருவகை உணர்வு நரம்புகளை அவர்கள் மரபணு அடையாளம் கொண்டு பிரித்தெடுத்தார்கள். அந்த நரம்புகளை நீக்கிவிட்டால் சூசன்லியில் கொடுத்த மெல்லிய மின்னூசி வேலை செய்யவில்லை. ஊசியே இல்லாமல் அவற்றை ஒளியால் தூண்டினால் அதே விளைவு கிடைத்தது. அந்த நரம்புகள் வயிற்றுச் சுவரின் ஆழமான உறைகளில் இல்லை; அங்கே அதே மெல்லிய மின்னோட்டத்தைக் கொடுத்தும் வேகஸ் வழி திறக்கவில்லை. பின்னந்தொடையில் இந்த நரம்புகள் அருகிக் காணப்படும் தசைப்பகுதியிலும் பலன் கிட்டவில்லை. எந்த இடத்தில் குத்தினாலும் ஒன்றுதான் என்ற நெடுங்கால எதிர்வாதத்துக்கு, குறைந்தது இந்த ஒரு விளைவைப் பொறுத்தவரை, திட்டவட்டமான மறுப்பு கிடைத்திருக்கிறது. இது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி தந்த ஆய்வு. இந்தத் துறையில் இத்தனை கவனமாக அமைக்கப்பட்ட சோதனைகள் அரிதாகவே வருகின்றன.

அதே ஆய்வைத்தான் விளம்பரங்கள் மிகுதியாகத் திரித்தும் சொல்கின்றன. அங்கே நடந்தது, ஆழத்தில் நிறுத்திய ஊசியில் அரை மில்லியாம்பியர் அளவுள்ள மின்னோட்டத்தைச் செலுத்தியது; நடந்தது சுண்டெலியிடம்; குறைந்தது அழற்சி. எதிர்ப்பாற்றல் கூடியது என்று அதில் எங்கும் இல்லை. உண்மையில் மிதமிஞ்சிக் கொந்தளித்த எதிர்ப்பாற்றல் அங்கே அடக்கப்பட்டது. அதே குழு 2020-இல் வெளியிட்ட ஆய்வில், வயிற்றுப் பகுதியில் வலுவான மின்னோட்டத்தை அழற்சி தொடங்கிய பிறகு கொடுத்தபோது நிலைமை மேலும் மோசமாயிற்று. இடம், வலிமை, நேரம் ஆகிய மூன்றும் மாறினால் விளைவும் தலைகீழாகலாம் என்பதே அந்த ஆய்வுகளின் செய்தி. தமிழ்நாட்டில் ஊசி இல்லாமல் விரல் நுனியால் புள்ளியைச் சில நொடிகள் தொட்டுவிடும் முறை பரவலாக இருக்கிறது. அதைச் செய்பவர்கள் இந்த ஆய்வைத் தங்களுக்கு ஆதாரமாகக் காட்டுவது பொருந்தாது. தோலைத் தொடும் விரலின் மென்மையான தொடுகை, தசைக்கு அடியில் உள்ள அந்த உறையை எட்டுவதில்லை.

மனிதர்களிடம் என்ன தெரிந்திருக்கிறது? உங்கள் தாயாரின் தொல்லைக்கு மிக நெருக்கமான ஆய்வு 2020-இல் அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின் இதழில் வந்தது. சாப்பிட்டபின் வயிறு கனத்து, சிறிதளவிலேயே நிறைந்துவிடும் தொல்லையுடைய, எண்டோஸ்கோப்பியில் புண் போன்ற காரணம் எதுவும் தென்படாத 278 பேரைச் சீன மருத்துவர்கள் இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு நான்கு வாரங்களில் பன்னிரண்டு முறை உண்மையான அக்குபஞ்சர். மற்றதற்குப் புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்திய பாவனைச் சிகிச்சை. உண்மைச் சிகிச்சை பெற்றவர்களில் 83 விழுக்காட்டினர் நல்ல முன்னேற்றம் கண்டார்கள். பாவனைச் சிகிச்சையில் ஏறக்குறைய 52 விழுக்காட்டினர். இந்த எண்களை நான் இரண்டு விதமாகவும் படிக்கிறேன். இடைவெளி பெரியது, அதைப் புறந்தள்ள முடியாது. அதே நேரத்தில், பாதிப் பேர் பாவனைச் சிகிச்சையிலேயே தேறியிருக்கிறார்கள். கவனிப்பும் எதிர்பார்ப்பும் நோயின் இயல்பான ஏற்ற இறக்கமும் வயிற்றுத் தொல்லைகளில் எவ்வளவு பங்கு வகிக்கின்றன என்பது அதில் தெரிகிறது. மேலும், அங்கே ஊசி ஏறிய பல புள்ளிகளில் சூசன்லி ஒன்று மட்டுமே. கிடைத்த பலனில் அதன் பங்கைத் தனியே பிரித்தெடுக்க வழியில்லை.

முழங்கால் தேய்மான வலிக்கும் இந்தப் புள்ளி பயன்படுத்தப்படுகிறது. 2004-இல் அமெரிக்காவில் 570 பேரிடம் நடந்த ஆய்வில், சூசன்லியும் அடங்கிய சிகிச்சை பாவனைச் சிகிச்சையைவிட வலியை மிதமாகக் குறைத்தது. குமட்டலுக்கு மட்டுமே அழுத்த விரும்பினால், சூசன்லியைவிட மணிக்கட்டுக்கு மேலே உள்ள நெய்குவான் புள்ளிக்குத்தான் வலுவான சான்று உண்டு. அறுவைக்குப் பின் வரும் குமட்டலில் விரலால் அழுத்துவது உட்படப் பல முறைகளில் அது நன்கு சோதிக்கப்பட்டிருக்கிறது.

சில புள்ளிகள் ஒன்றோடொன்று குழம்பிவிடுகின்றன, அதையும் சொல்லிவிட வேண்டும். சூசன்லிக்கு மூன்று சுன் கீழே அதே கோட்டில் உள்ள ஷாங்ஜூசூ பெருங்குடலுக்கு உரியது. நாட்பட்ட மலச்சிக்கலுக்காகச் சீனாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2016-இல் வெளியான மின்னூசி ஆய்வில் பயன்படுத்தப்பட்ட புள்ளிகளில் அதுவும் ஒன்று. காலின் உட்புறம், கணுக்கால் எலும்புக்கு மூன்று சுன் மேலே இருப்பது சான்யின்ஜியாவ். பெயரில் மூன்று இருப்பதாலோ என்னவோ அதையே சூசன்லி என்று நினைப்பவர்கள் உண்டு. கர்ப்பிணிகளுக்குத் தவிர்க்க வேண்டியதாக மரபு விலக்கிவைத்திருப்பது அந்தச் சான்யின்ஜியாவைத்தான். உங்கள் வீட்டில் கர்ப்பிணி யாரேனும் இருந்து அவரும் இதைப் பார்த்துச் செய்ய விரும்பினால், முதலில் இந்த வேறுபாட்டைச் சொல்லுங்கள். சூசன்லிக்குச் சற்றுக் கீழே குடல்வால் புள்ளி என்று ஒன்றும் இருக்கிறது. குடல்வால் அழற்சியில் அங்கே தொட்டால் வலிக்கும் என்பார்கள். அடிவயிற்றின் வலப்பக்க வலியோடும் காய்ச்சலோடும் இருப்பவருக்கு அந்தப் புள்ளியை அழுத்திக்கொண்டு காத்திருப்பது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

இப்போது உங்கள் தாயாருக்கு வருகிறேன். அறுபது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் அஜீரணத்தை எண்டோஸ்கோப்பி செய்து பார்ப்பது மருத்துவ உலகில் ஏற்கப்பட்ட நடைமுறை. எடை குறைதல், அடிக்கடி வாந்தி, கறுத்த மலம், விழுங்குவதில் சிரமம், ரத்தசோகை ஆகியவற்றில் எது இருந்தாலும் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம். ஐம்பது வயதைக் கடந்த பெண்ணுக்கு வாரக்கணக்கில் நீங்காத உப்புசம் சினைப்பை நோயின் முதல் அறிகுறியாகவும் இருக்கக்கூடும். அதற்கான ரத்தப் பரிசோதனையையும் ஸ்கேனையும் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். பல ஆண்டுச் சர்க்கரை நோய் வேகஸ் நரம்பையே பழுதாக்கி, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தலாம். கொஞ்சம் உண்டதும் நிறைந்துவிடும் உணர்வு அதன் இயல்பான அறிகுறி. மெட்ஃபார்மின் மாத்திரையும் உப்புசம் தரும். செமாக்ளூடைட் வகை ஊசி மருந்துகள் இரைப்பையின் வேகத்தை நேரடியாகவே குறைக்கும். அவர் என்னென்ன மருந்து எடுக்கிறார் என்ற பட்டியலோடு மருத்துவரிடம் போனால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடலாம். சர்க்கரை நோயாளிக்கு மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமல் மேல்வயிற்று அசௌகரியமாக மட்டும் வருவதும் உண்டு. வியர்வையோ மூச்சுத்திணறலோ சேர்ந்தால் காலில் புள்ளி தேடாமல் உடனே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.

இவையெல்லாம் பார்த்து, தீவிரமான காரணம் ஏதும் இல்லை என்று தெரிந்தபின், உங்கள் மருத்துவர் சொல்லும் உணவு மாற்றங்களோடு சேர்த்து அழுத்தும் முறையையும் தாராளமாகச் செய்யலாம். நாற்காலியில் உட்கார்ந்த நிலையில், கட்டைவிரலின் தசைப்பகுதியால் எலும்பு இருக்கும் திசையில் சற்றே சாய்த்து அழுத்துங்கள். ஆழமான, தாங்கக்கூடிய ஒரு மந்த வலி தோன்றும் அளவு போதும். சில நொடிகள் அழுத்தி, தளர்த்தி, மீண்டும் அழுத்தி, ஒவ்வொரு காலிலும் இரண்டு மூன்று நிமிடம், நாளுக்கு ஓரிரு முறை செய்யலாம். காலில் உணர்ச்சி மங்கியிருந்தால் எவ்வளவு அழுத்தம் என்பதை அவரால் உணர முடியாது; அப்போது அழுத்துபவர்தான் அளவறிந்து மென்மையாகச் செய்ய வேண்டும். விரல் வெளிப்பக்கம் வழுக்கி, முழங்காலின் வெளியோரத்தில் உருண்டு தெரியும் எலும்புத்தலைக்குக் கீழே அழுந்த விடாதீர்கள். அங்கே பெரோனியல் நரம்பு எலும்பை ஒட்டித் தோலுக்கு மிக அருகில் செல்கிறது, நெடுநேர அழுத்தத்தில் அது நசுங்கினால் பாதத்தைத் தூக்க முடியாமல் போகலாம். ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைக்காலில் வலி இருந்தால் ரத்தக்கட்டு இல்லை என்று உறுதிசெய்யும் வரை அந்தக் காலைத் தொடவே வேண்டாம். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்ற மருந்துகள் எடுப்பவராக இருந்தால் எளிதில் கன்றிப்போகும்.

மோக்ஸா அவருக்கு வேண்டாம். உணர்ச்சி மங்கிய காலில் சூடு பட்டது தெரியாது, சர்க்கரை நோயில் அந்தப் புண் எளிதில் ஆறவும் செய்யாது. ஊசிச் சிகிச்சை எடுக்க விரும்பினால், முறையாகப் பயின்றவரிடம், உறையைப் பிரித்து ஒரே முறை பயன்படுத்தி எறியும் ஊசியால் மட்டும், ரத்தச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கும்போது எடுத்துக்கொள்ளட்டும். நான்கு வாரத்தில் பன்னிரண்டு முறை என்பதுதான் மேலே சொன்ன ஆய்வின் அளவு. அந்த அளவுக்குப் பிறகும் மாற்றம் தெரியவில்லை என்றால் தொடர்ந்து பணம் செலவழிக்க வேண்டிய தேவை இல்லை. சிகிச்சை நடக்கும்போது சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொல்பவர் எவராக இருந்தாலும், அந்த இடத்தை விட்டு அம்மாவை அழைத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.